சினைக் கணக்கு

திருச்சியில் நண்பர் ஒருவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டம் நடத்துகிறார். பதினைந்து பேர் வந்தால் அது பெரிய கூட்டம். ஜோனதன் ஸ்விஃப்ட் 1729-ல் டப்ளினில் பெயர் போடாமல் வெளியிட்ட 'ஒரு பணிவான யோசனை'யைத் தமிழில் வாசித்தால் என்ன, நீதான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவனாயிற்றே, மொழிபெயர்த்துக் கொடு என்றார். சின்னப் பிரசுரம்தானே என்று தலையாட்டிவிட்டேன். முதல் வரைவு ஒரு வாரத்தில் முடிந்தது. அதற்கப்புறம் ஒன்றரை மாதம் இழுத்தது, நாலைந்து சொற்களுக்காக.

அந்த வரைவில் பிழை என்று எதையும் சுட்டிக் காட்ட முடியாது. ஆனால் படித்தால் ஏதோ தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை மாதிரி இருந்தது. ஸ்விஃப்டும் அறிக்கை மாதிரிதான் எழுதியிருக்கிறார், அது தெரியும். அயர்லாந்தின் தெருக்களில் பிச்சையெடுக்கும் பெண்கள், அவர்கள் பின்னால் கந்தலோடு நடக்கும் குழந்தைகள், இதற்கொரு நல்ல தீர்வு காண்பவருக்கு நாடு சிலையே வைக்கலாம் என்று உருக்கமாகத் தொடங்கி, பிறகு கணக்குப் போட்டு, ஒரு வயதுக் குழந்தைகளைக் கறிக்கு விற்கலாம் என்று முடிக்கிற கட்டுரை அது. அவருடைய அறிக்கையின் அடியில் முதலிலிருந்தே ஏதோ நெளிந்துகொண்டிருக்கிறது. என்னுடையதில் எதுவும் நெளியவில்லை. குழந்தைக்கறி வருகிற இடம் வரைக்கும் நல்ல மனிதர் ஒருவரின் யோசனையாகவே இருந்தது. அந்த இடத்தில் திடீரென்று பைத்தியக்காரனின் யோசனையாகிவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அம்மா மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது வருஷம் மாடு வைத்திருந்தவள். எட்டாவது வரை படிப்பு. பாதியில், "கவர்மெண்ட் ஆளு யாராவது எழுதினதா?" என்று கேட்டாள். அப்புறம் தூங்கிவிட்டாள். தூக்கம் வரவழைக்கிற மாதிரிக் குழந்தைக்கறிக் கட்டுரையை மொழிபெயர்க்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுபடி மூலத்தை வரி வரியாகப் பார்த்தேன். நான்காம் பத்தியில், 'அப்போதுதான் பிறந்த குழந்தை ஓராண்டு வரை தாய்ப்பாலிலேயே வளர்ந்துவிடும்' என்று எழுதி வைத்திருந்தேன். மூலத்தில் 'பிறந்த' இல்லை. 'விழுந்த' என்று இருக்கிறது. 'தாய்' என்றும் இல்லை. 'டாம்' என்று இருக்கிறது. டாம் என்றால் அணைக்கட்டு, இதுதான் பதினெட்டு வயதில் எனக்குத் தெரிந்த அர்த்தம். பரீட்சைக்காக மூன்று முறை படித்தபோது அந்த இடத்தை எப்படித் தாண்டினேன் என்று ஞாபகமில்லை. நோட்ஸில் 'தாய்' என்று போட்டிருக்கும், மேலே போயிருப்பேன். அது குட்டி போட்ட விலங்கைக் குறிக்கும் சொல். குதிரை, ஆடு வளர்க்கிறவர்கள் வாயில் புழங்குவது. மூன்று பத்திகள் மனமுருகப் பேசிய மனிதர், போகிற போக்கில், குரலை ஏற்றாமல் இறக்காமல், மனுஷியை மந்தையில் சேர்த்துவிடுகிறார். கறி என்ற பேச்சே இன்னும் வரவில்லை. கொஞ்சம் கழித்து இன்னொன்று: நாட்டில் பதினைந்து லட்சம் பேர், அதில் 'ப்ரீடர்' (குட்டி போடும் பெட்டை) மனைவிகள் உள்ள தம்பதிகள் 2,00,000. நான் அதைக் 'குழந்தை பெறும் நிலையிலுள்ள பெண்கள்' என்று துடைத்துச் சுத்தமாக்கி வைத்திருந்தேன்.

தமிழில் இதற்கு எதைப் போடுவது? முதலில் 'ஈன்ற' என்று யோசித்தேன். மாடு கன்று ஈனும், சரி. ஆனால் 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்' என்ற குறளின் தாயும் ஈன்றவள்தான். நம் மொழியில் இந்தச் சொல் பசுவுக்கும் தாய்க்கும் பொதுவாக இருந்து, இப்போது மேடைப் பேச்சில் தாய்க்கு மகுடம் மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஸ்விஃப்டின் கட்டுரையில் பேசுகிற ஆள் கீழே தள்ளுகிற இடத்தில் நான் அவளைத் தூக்கிப் பல்லக்கில் வைத்தால் சரிவராது. எனக்குத் தேவைப்பட்டது தொழுவத்தை விட்டு வெளியே வராத ஒரு சொல்.

ஐந்து பவுண்டுக் குழந்தை

சொல்லைத் தேடுகிற சாக்கில் ஸ்விஃப்ட் யாருடைய குரலில் பேசுகிறார் என்று பார்க்கப் போனேன். கல்லூரியில் 'பொருளாதாரத் திட்டக்காரர்களைக் கேலி செய்கிறார்' என்று ஒரு வரி எழுதினால் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். அந்தத் திட்டக்காரர்கள் எழுதியதை யாரும் படிக்கச் சொன்னதில்லை.

வில்லியம் பெட்டி என்று ஒருவர். 1652-ல், அயர்லாந்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயத் தளபதி க்ராம்வெல்லின் படைக்கு மருத்துவராக அயர்லாந்து வந்தவர். கைப்பற்றிய நிலத்தைப் படை வீரர்களுக்கும் பணம் போட்டவர்களுக்கும் பங்கு பிரிக்க நாட்டையே அளந்தார். தனக்கும் கெர்ரி பக்கம் ஏராளமான நிலம் சேர்த்துக்கொண்டார். நாட்டு விவகாரங்களை எண்ணாலும் எடையாலும் அளவாலும் மட்டும் பேசுவது என்று ஒரு முறையை வகுத்து அதற்கு 'அரசியல் எண்கணிதம்' என்று பெயர் வைத்தார். அவர் இறந்த பின் 1691-ல் வெளிவந்த 'அயர்லாந்தின் அரசியல் உடற்கூறு' என்ற நூலில், 1641-ல் தொடங்கிய கலகத்திலும் போரிலும் செத்துப்போன மக்களின் மதிப்பு எவ்வளவு என்று ஒரு கணக்கு வருகிறது. அடிமைகளுக்கும் கறுப்பர்களுக்கும் சந்தையில் என்ன விலையோ அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஆண் 25 பவுண்டு. குழந்தை 5 பவுண்டு. சராசரியாகத் தலைக்கு 15 பவுண்டு. ஆக மொத்த நஷ்டம் ஒரு கோடிப் பவுண்டுக்கும் மேல். இன்னொரு இடத்தில், அயர்லாந்தில் கல்யாணமாகாத ஏழைப் பெண்கள் 20,000 பேர் இருப்பார்கள், அவர்களை இரண்டு வருஷத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பி ஊருக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து அதே அளவு ஆங்கிலப் பெண்களைக் கொண்டுவந்து ஐரிஷ்காரர்களுக்குக் கட்டிவைத்தால் இரண்டு இனமும் ஒன்றாகிவிடும் என்று யோசனை சொல்கிறார். கேலி இல்லை. பெட்டி இதையெல்லாம் உண்மையாகவே நினைத்தார். லண்டன் விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர், சர் பட்டம் வாங்கியவர்.

இதைப் படித்த பிறகு ஸ்விஃப்டின் கணக்குக்குத் திரும்பினால் சிரிப்பு வேறு மாதிரி வருகிறது. 2,00,000 தம்பதிகள், அதில் பிள்ளைகளைக் காப்பாற்ற வசதியுள்ளவர்கள் 30,000 போக 1,70,000. கருக்கலைந்தவை, வருஷத்துக்குள் செத்தவை 50,000 போக மீதி 1,20,000 குழந்தைகள். அதில் 20,000 இனவிருத்திக்கு ஒதுக்கிவிடலாம், நாலில் ஒன்று ஆண் இருந்தால் போதும். ஆடு மாடு பன்றிக்கு நாம் விடுவதை விட அதுவே அதிகம். மீதி 1,00,000 சந்தைக்கு. பிறக்கும்போது 12 ராத்தல், ஒழுங்காகப் பாலூட்டினால் ஒரு வருஷத்தில் 28 ராத்தல். வளர்க்கும் செலவு, கந்தல் துணி உட்பட, வருஷத்துக்கு 2 ஷில்லிங். விலை 10 ஷில்லிங். தாய்க்கு நிகர லாபம் 8. மிளகும் உப்பும் சேர்த்து நாலாம் நாள் வேகவைத்தாலும் நன்றாக இருக்கும், அதுவும் குளிர்காலத்தில். பெட்டியின் 5 பவுண்டு ஸ்விஃப்டிடம் 10 ஷில்லிங்காக இறங்கியிருக்கிறது. அரைப் பவுண்டு! முப்பது நாற்பது வருஷத்தில் ஐரிஷ் குழந்தையின் விலை பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் ஆங்கில அங்கதத்தில், அதாவது கேலி எழுத்தில், என்னை இழுப்பது இதுதான். கற்பனைக்கும் அறிக்கைக்கும் நடுவே வேலி சரியாகப் போடப்படாத காலம் அது. 1708-ல் ஸ்விஃப்ட், ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற பொய்ப் பெயரில் ஆண்டுக் கணிப்புகள் என்று ஒரு பிரசுரம் எழுதி, ஜான் பார்ட்ரிஜ் என்ற நிஜ ஜோசியர் மார்ச் 29-ம் தேதி இரவு பதினோரு மணி வாக்கில் காய்ச்சலில் சாவார் என்று கணித்தார். பிறகு கணிப்பு பலித்துவிட்டது என்று இன்னொரு பிரசுரமும் போட்டார். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் பார்ட்ரிஜ் எழுதியதற்கு, இப்படிப்பட்ட குப்பையை உயிருள்ள எவனும் எழுதியிருக்க முடியாது என்று பதில் வந்தது. 1726-ல் ஸ்விஃப்டின் கற்பனைக் கதை 'கலிவரின் பயணங்கள்' வந்தபோது, கலிவரை எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அவர் வீடு ரோதர்ஹைத்தில் இல்லை, வாப்பிங்கில்தான், அச்சடித்தவர் தப்பாகப் போட்டுவிட்டார் என்று ஒரு கப்பல் தலைவர் சொன்னாராம். ஸ்விஃப்டின் நண்பர் ஆர்பத்நாட் இதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். புத்தகத்தை இரவல் வாங்கிய ஒரு பெரியவர் அந்தக் கதையில் வரும் லில்லிபுட் எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தை விரித்தாராம்.

தொழுமரம்

எங்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு எடுத்த பேராசிரியர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். அங்கதத்தில் ஸ்விஃப்ட் வென்றார், 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ தோற்றார். ஸ்விஃப்ட் தான் கேலி செய்வதற்குத் தடயம் விட்டார், டீஃபோ விடவில்லை. தடயம் விடாத கேலி கேலியே இல்லை. கரும்பலகையில் 'முரண்நகை' என்று எழுதி இரண்டு கோடு போடுவார். ரொம்ப காலம் நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது நம்பவில்லை, அதற்குக் காரணம் இந்த மொழிபெயர்ப்புதான்.

1702-ல் ஆன் அரசி பட்டத்துக்கு வந்ததும் அரசுத் திருச்சபையின் தீவிரக்காரர்களுக்குத் துணிவு வந்துவிட்டது. சபைக்கு வெளியே தனியாக வழிபாடு நடத்தியவர்களை, டிஸ்ஸென்டர்களை, ஒழித்துக்கட்ட வேண்டும் என்று பிரசங்க மேடைகளில் முழங்கினார்கள். டீஃபோ அந்த ஒழிக்கப்பட வேண்டியவர்களில் ஒருவர். அந்த டிசம்பரில் பெயரில்லாமல் ஒரு பிரசுரம் போட்டார்: 'டிஸ்ஸென்டர்களைத் தீர்க்கக் குறுக்கு வழி'. இந்த அபராதமெல்லாம் எதற்கு? கூட்டத்துக்குப் போகிறவனை நாடு கடத்து, பிரசங்கம் செய்கிறவனைத் தூக்கில் போடு, எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். பாம்பையும் தேரையையும் கொல்வது கொடுமைதான், ஆனால் அவற்றின் விஷத்தை நினைத்தால் அண்டை வீட்டாருக்கு அது தர்மம். ஆரம்பம் முதல் கடைசி வரை இதே குரல். கண் சிமிட்டலே கிடையாது.

தீவிரக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். பைபிளுக்கும் அதன் உரைகளுக்கும் அடுத்தபடியாக இதைத்தான் மதிக்கிறேன் என்று ஒருவர் நன்றிக் கடிதம் எழுதியதாக ஒரு கதை உண்டு. எழுதியது எதிர்முகாம் ஆள் என்று தெரிந்ததும் கொண்டாட்டம் வெறியானது. டீஃபோ பக்கத்து ஆட்களுக்கும் கோபம்தான், அவர்கள் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்கள். 1703 ஜனவரியில் அரசாங்க கெஜட்டில் அவர் தலைக்கு 50 பவுண்டு அறிவித்தார்கள். நடுத்தர உயரம், ஒல்லி, சுமார் நாற்பது வயது, கொக்கி மூக்கு, கூரான தாடை, வாயருகே பெரிய மச்சம். டீஃபோவின் முகத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுவது இந்த அறிவிப்பைத்தான். பிரசுரத்தைக் கொளுத்தச் சொல்லி நாடாளுமன்றம் உத்தரவிட்டது. மே மாதம் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒரு நெசவாளி வீட்டில் பிடிபட்டார். ஜூலை கடைசி மூன்று நாட்கள் கார்ன்ஹில், சீப்சைட், டெம்பிள் பார் என்று நகரத்தின் மூன்று முனைகளில் தொழுமரத்தில் நிற்கவைத்தார்கள். அபராதம் வேறு, எவ்வளவு நாள் என்று சொல்லாத சிறையும் வேறு. நவம்பரில் ராபர்ட் ஹார்லி என்ற அரசியல்வாதி வெளியே எடுப்பதற்குள் டில்பரியில் இருந்த அவருடைய செங்கல் ஓட்டுச் சூளை படுத்துவிட்டது.

தொழுமரம் என்ற சொல் தமிழ் பைபிள் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே கால்களை மாட்டுவார்கள். லண்டனில் கழுத்தையும் கைகளையும் பூட்டினார்கள். தொழு என்றால் மாட்டுத்தொழுவும்தான். கூட்டம் அழுகிய முட்டையோ கல்லோ எறிந்து ஆளைக் கொன்றே போடலாம். டீஃபோவுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. உள்ளே இருந்தபடியே 'தொழுமரத்துக்கு ஒரு துதி' என்று கவிதை எழுதி அதைத் தெருவில் விற்கவைத்தார். மக்கள் பூ எறிந்தார்கள் என்பது பின்னால் சேர்ந்த அலங்காரமாக இருக்கலாம். எனக்கு அந்தப் பூ தேவையும் இல்லை.

இது தோல்வியா? தீவிரக்காரர்கள் அந்தப் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டிய சில நாட்கள் இருக்கிறதே, அந்தத் தலையாட்டல்தான் டீஃபோ எழுதிய அங்கதத்தின் கடைசி அத்தியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அவர் எழுதவில்லை, அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அவர் எதையும் மிகைப்படுத்தவில்லை. பாம்பு, தேரை எல்லாம் ஏற்கெனவே மேடையில் புழங்கிய வசவுகள். மனிதனை விஷ ஜந்து என்று சொல்வதற்கு அன்றைக்கு யார் காதும் கூசவில்லை, இன்றைக்கும் கூசுவதில்லை. ஸ்விஃப்ட் எடுத்த விலங்கு வேறு. அது விஷமுள்ளது இல்லை, பயனுள்ளது. அதன் மேல் யாருக்கும் கோபம் கிடையாது, கணக்கு மட்டும்தான். பேராசிரியர் தடயம் தடயம் என்றாரே, ஸ்விஃப்ட் விட்ட முதல் தடயம் அந்த 'டாம்'. அதைத்தான் நான் மூன்று தடவை பார்க்காமல் போனேன். டீஃபோவைப் புரியாமல் தலையாட்டியவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? (ஸ்விஃப்ட் 1709-ல் ஒரு பிரசுரத்தில் டீஃபோவை 'தொழுமரத்தில் நின்றானே அந்த ஆள், பேர் மறந்துவிட்டது' என்று எழுதினார். அந்தப் பேரெல்லாம் மறக்கிற பேர் இல்லை. சக தொழிலாளியிடம் இருக்கும் எரிச்சல்.)

அம்மாவின் அகராதி

இரண்டாவது வரைவுக்கு அம்மாவையே கேட்டேன். எதற்கென்று சொல்லாமல், மாட்டுக்கு மட்டும் சொல்கிற வார்த்தைகளைச் சொல்லு என்றேன். சினை. தலையீத்து, ரெண்டாம் ஈத்து. கிடேரி. பொலிகாளை. சினை கலைந்தால் கன்று வீசிவிட்டது. கன்று போடும், பெறாது. ஐந்து நிமிஷத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. எழுதியும் பார்த்தேன். 'நாட்டில் சினைக்குத் தகுதியான மனைவிகள் உள்ள தம்பதிகள் 2,00,000.' 'கன்று வீசியவை போக மீதி 1,20,000.' நெளிந்தது.

மறுபடி ஒரு சாயங்காலம். இந்தத் தடவை கரண்ட் இருந்தது, சீரியலை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள், அந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. "சினைன்னா? பொம்பளையவா சொல்றான்?" என்று முதல் பத்து வரிக்குள் நிமிர்ந்தாள். அப்புறம் தூங்கவில்லை. கறிக் கணக்கு வந்தபோது சிரித்தாள், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அயர்லாந்து ஜெர்மனிக்குப் பக்கமா என்று கேட்டாள். ஷில்லிங் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்றேன். வளர்க்க 2 ஷில்லிங் என்றதும், "ரெண்டுல எப்படி முடியும்? ஒரு வருஷம் பால் குடுக்குறாளே, அவளுக்குச் சோறு யார் போடுறா? மாட்டுக்காவது தவிடு புண்ணாக்குன்னு கணக்கு எழுதுவோம்" என்றாள். கணக்குத் தப்பு என்பது மட்டும்தான் அவளுடைய புகார். நிலப்பிரபுக்களுக்குத்தான் இந்தக் கறி ரொம்பப் பொருத்தம், பெற்றோர்களை ஏற்கெனவே தின்றுவிட்ட அவர்களுக்குத்தானே பிள்ளைகள் மேல் முதல் பாத்தியதை என்ற வரிக்குக் கையைத் தட்டினாள்.

யோசனையால் வரும் நன்மைகளை ஸ்விஃப்டின் ஆள் ஆறாகப் பிரித்து அடுக்குகிறார். ஆறாவது நன்மை, கல்யாண வாழ்க்கை சிறக்கும் என்பது. நான் இப்படி மொழிபெயர்த்திருந்தேன்: 'சினைக் குதிரையிடமும் சினை மாட்டிடமும் குட்டி போடப்போகும் பன்றியிடமும் ஆண்கள் இப்போது எவ்வளவு பிரியமாக இருக்கிறார்களோ, அவ்வளவு பிரியம் மனைவி சினையாக இருக்கும்போது அவள் மேலும் வரும். கன்று வீசிவிடுமே என்ற பயத்தில் அவளை அடிக்கவோ உதைக்கவோ மாட்டார்கள், இப்போது அது சர்வசாதாரணமாக நடக்கிறது.'

அம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். "இரு" என்றாள். அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பா சினைமாட்டு மேல கை வச்சதே இல்ல" என்றாள்.

தாத்தாவை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாட்டிடம் எவ்வளவு பிரியமானவர் என்று ஊரே சொல்லும். அம்மாச்சிக்கு ஏழு பிரசவம், தங்கியது நாலு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த எண்கள்தான். அம்மா வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பத்தியைக் கல்லூரியில் படித்தபோது, மிகைப்படுத்தலுக்கு எடுத்துக்காட்டு என்று ஓரத்தில் பென்சிலில் குறித்துவைத்த ஞாபகம். மொத்தக் கட்டுரையிலும் மிகையே இல்லாத பத்தி அதுதான்.

கடைசியை ஒட்டி ஒரு இடம் வரும், மொழிபெயர்க்க மிகவும் கஷ்டப்பட்டது. வேறு வழிகளைப் பற்றி என்னிடம் யாரும் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த வேறு வழிகளையெல்லாம் ஸ்விஃப்ட் வரிசையாகச் சொல்கிறார்: அயர்லாந்தில் வாடகை வாங்கி இங்கிலாந்தில் செலவழிக்கும் நிலக்காரர்களுக்குப் பவுண்டுக்கு 5 ஷில்லிங் வரி, உள்ளூர்த் துணியையே உடுத்துவது, குடியானவர்களிடம் நிலக்காரர்கள் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவது. இங்கே குரல் மாறிவிடுகிறது. பேசுவது அந்தக் கணக்குப்பிள்ளை இல்லை, செயிண்ட் பாட்ரிக் கோயிலின் தலைமைக் குரு, நெசவாளர் தெருக்களுக்கு நடுவே குடியிருந்தவர். அம்மா இந்த இடத்தில், "இதையே முதல்ல நேரா சொல்லிருக்கலாமே" என்றாள்.

சொன்னார். 1720-லேயே ஐரிஷ் துணியையே உடுத்துங்கள் என்று நேராக ஒரு பிரசுரம் எழுதினார். அச்சடித்தவர் மேல் வழக்குப் போட்டார்கள். குற்றமில்லை என்று ஜூரி சொன்னதற்கு, தலைமை நீதிபதி விட்ஷெட் அவர்களை ஒன்பது தடவை உள்ளே திருப்பி அனுப்பினார். 1724-ல் வுட் என்ற ஆங்கிலேயருக்கு அயர்லாந்துக்கான செப்புக் காசு அடிக்கும் உரிமை கொடுத்ததை எதிர்த்து, ஒரு துணிக்கடைக்காரர் எழுதுகிற மாதிரி கடிதங்கள் எழுதினார். எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்று அறிவிப்பு. டப்ளினுக்கே தெரிந்திருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒன்றில் ஜெயித்தார், அடுத்த ஆண்டு உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்த வருஷங்கள். நேராகச் சொல்லி அலுத்த மனிதர் 1729-ல் இதை எழுதினார். இதையெல்லாம் அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அதை இங்கே எழுதிவிடுகிறேன். இதே ஸ்விஃப்ட் 1737-ல், டப்ளின் பிச்சைக்காரர்களுக்கு அந்தந்தக் கோயில் வட்டாரத்தின் பில்லை குத்தவேண்டும், வெளியூர்ப் பிச்சைக்காரர்களை விரட்டவேண்டும் என்று பெயர் போட்டே ஒரு யோசனை வெளியிட்டார். அது அங்கதம் இல்லை. மாட்டுக்கு அடையாள முத்திரை போடுகிற மாதிரிதான் இருக்கிறது. அவருக்குள்ளும் ஒரு வில்லியம் பெட்டி இருந்திருக்கிறார், இல்லாவிட்டால் அந்தக் குரல் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் யோசனைக்காரர் சத்தியம் செய்கிறார். இதில் எனக்குச் சொந்த லாபம் ஒரு காசும் கிடையாது. என் கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயது. மனைவியோ பிள்ளை பெறும் வயதைக் கடந்தவள். பாடப்புத்தகங்கள் எல்லாம் மெச்சுகிற முடிவு இது. நான் அதை 'என் மனைவிக்கு ஈத்து நின்றுபோயிற்று' என்று எழுதியிருந்தேன். வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான்."

"ஈத்து நின்ன மாட்ட வச்சுக்கிட்டு யார் தீனி போடுவா? அடிமாட்டுக்குத்தான் புடிச்சுக் குடுப்பாங்க. அத எழுதலையா அவன்?"

தாளைப் பிரித்து மறுபடி பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. அம்மா ரிமோட்டை எடுத்தாள். சீரியலில் பாதி போயிருந்தது.